தொலைக்காட்சிக்கான உள்ளூர் டிராக் ரேஸ்: தோற்றவரும் ஒப்புக்கொள்ளும்படி நடத்துவது எப்படி?

வியாசர்பாடியைச் சேர்ந்த ஒரு தம்பி, அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ நான்கு மாதம் பட்டறையில் உட்கார்ந்து தானே பிரித்துக் கோத்து ஒரு டிராக் ரேஸுக்கு, அதாவது இரண்டு வண்டிகள் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு நேர்கோட்டில் ஓடும் போட்டிக்கு, கொண்டுவந்திருந்தான். வேலி போட்ட தனியார் தளம், இரண்டு கேமராக்கள், உள்ளூர் அலைவரிசை ஒன்றின் ஒளிப்பதிவு. முடிவுக் கோட்டில் தாளும் பேனாவுமாக நின்றவன் நான். அவன் ஒரு சக்கர அளவு முன்னால் வந்து ஜெயித்தான். ஆனால் கேமரா வேறு பக்கம் திரும்பியிருந்ததால் காட்சி கிடைக்கவில்லை என்று சொல்லி, இருவரையும் மறுபடி ஓடச் சொன்னார்கள். சூடு ஆறாத கிளட்ச் இரண்டாம் முறை வழுக்கியது. ஒளிபரப்பானது அந்த இரண்டாவது ஓட்டம்தான். கோப்பையும் அடுத்தவருக்குப் போனது. நான் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையிலும் கொடுங்கையூரிலும் திருவொற்றியூரிலும் இப்படிப் போட்டி நடத்த ஆசைப்படும் இளைஞர் மன்றங்கள், மெக்கானிக்குகள், ஒளிப்பதிவுக் குழுக்கள் ஆகியோருக்கானது இந்த வழிகாட்டி. நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றுதான்: தோற்றவர் தன் கையில் உள்ள நேரச் சீட்டை (ஓட்டத்தின் நேரங்கள் அச்சான துண்டுக் காகிதத்தை) படித்து, எந்த இடத்தில் தோற்றோம் என்று தானே கண்டுபிடிக்க முடிகிறதா? முடிந்தால் அந்தப் போட்டி நியாயமானது. நடுவர் விளக்கித்தான் புரியவைக்க வேண்டும் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

முதல் படி: இடம்

பொதுச் சாலையில் நடத்தினால் அது போட்டியே அல்ல, குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி, மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப் பந்தயம் நடத்தினாலோ கலந்துகொண்டாலோ மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். மறுமுறை பிடிபட்டால் ஓராண்டு, 10,000 ரூபாய். சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். எண்ணூர், மணலி பக்கம் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளை நாம் அறிவோம். அங்கே நியாயத்தைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பெருமை உண்டு. செங்குன்றத்தைத் தாண்டிய சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தளம் வந்த பிறகு பந்தயம் நகரின் மறுபக்கம் போய்விட்டது. இன்று ஒழுங்காக நடத்த விரும்பினால் அப்படிப்பட்ட தளத்தை வாடகைக்கு எடுங்கள். தேசியக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் விதிகளுக்கும் உரிமங்களுக்கும் உட்பட்டு நடத்துங்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்புக் கருவி, காப்பீடு ஆகியவற்றைப் பற்றிப் பேரம் பேசாதீர்கள்.

தூரத்தைப் பொறுத்தவரை, உலகெங்கும் வழக்கத்தில் இருப்பது கால் மைல், அதாவது 402 மீட்டர். அல்லது அதில் பாதியான 201 மீட்டர். முதன்முறை ஓடுபவர்களுக்கு 201 போதும். நிற்பதற்கான தூரம் ஓடும் தூரத்தைவிடக் குறையவே கூடாது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 39 மீட்டர் ஓடுகிறது. பதறாமல் பிரேக் பிடித்து நிற்க 230 மீட்டராவது வேண்டும், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். அமெரிக்காவில் 2008-ல் டிராக் ரேஸ் வீரர் ஸ்காட் கலிட்டா ஓட்டத்தின்போது விபத்தில் இறந்த பிறகு, அதிவேகப் பிரிவுகளின் தூரத்தையே 1,000 அடியாகக் குறைத்தார்கள். அவ்வளவு பெரிய விளையாட்டே தூரத்தைக் குறைத்துக்கொண்டது என்றால் நாம் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எதை ஒப்பிடப் போகிறீர்கள்?

விவாதம் இங்கேதான் தொடங்க வேண்டும், ஆனால் பலர் பரிசுத்தொகையிலிருந்து தொடங்குகிறார்கள். டிராக் ரேஸில் மூன்று விஷயங்கள் மோதுகின்றன: ஓட்டுபவரின் கை, வண்டியின் திறன், வண்டிக்குள் போன பணம். போட்டி முறை என்பது இவற்றில் எதை எண்ணுவது, எதை விலக்குவது என்கிற முடிவு. அந்த முடிவை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் எந்த முறையும் நியாயமானதுதான்.

நேருக்கு நேர் முறையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் பச்சை விளக்கு. முதலில் வந்தவர் ஜெயித்தார். பார்ப்பவருக்கு உடனே புரியும், அதனால் தொலைக்காட்சிக்குப் பிடிக்கும். ஆனால் பிரிவுகளைச் சரியாகப் பிரிக்காவிட்டால் பணம் உள்ளவர்தான் ஜெயிப்பார்.

இலக்கு நேர முறையில் ஒரு பிரிவுக்கு ஒரே நேரம் நிர்ணயிக்கப்படும். அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்தும் அமைப்பான தேசிய ஹாட் ராட் சங்கம் சில பிரிவுகளுக்கு 8.90, 9.90, 10.90 நொடி என்று வைத்திருப்பது இப்படித்தான். அதைவிட வேகமாக ஓடினால் தோல்வி.

மூன்றாவது, பிராக்கெட் முறை. அமெச்சூர் போட்டிக்கு இதைவிட நேர்மையான முறையை நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு டயல்-இன் என்று பெயர். கணக்குக்காக ஓர் உதாரணம்: ஆர்எக்ஸ் 100 ஓட்டுபவர் 18.20 என்று எழுதுகிறார். எதிரே கேடிஎம் ட்யூக் 390 பைக் ஓட்டுபவர் 14.10 என்கிறார். வித்தியாசம் 4.10 நொடி. ஆகவே ஆர்எக்ஸுக்கு 4.10 நொடி முன்னதாகவே பச்சை விழும். இருவரும் சொன்னபடியே ஓடினால் ஒரே கணத்தில் கோட்டைத் தொடுவார்கள். ஆனால் சொன்னபடி யாரும் ஓடுவதில்லை. ஆர்எக்ஸ்காரர் பச்சையைப் பார்த்துப் புறப்பட 0.120 நொடி எடுத்து, 18.25-ல் ஓடி முடிக்கிறார்: சொன்னதைவிட 0.05 அதிகம், ஆக மொத்தம் 0.170. ட்யூக்காரர் 0.060-ல் புறப்பட்டு 14.22-ல் ஓடுகிறார்: 0.12 அதிகம், மொத்தம் 0.180. பழைய ஆர்எக்ஸ் 0.010 நொடியில் ஜெயித்துவிட்டது. ட்யூக் மணிக்கு 150 கிலோமீட்டரில் வந்துகொண்டிருந்தால், அந்த 0.010 நொடி என்பது வெறும் 42 சென்டிமீட்டர்.

இந்த முறையில் செலவு செய்தவருக்குச் சலுகை இல்லை. தன் வண்டியை நன்றாக அறிந்தவருக்கும், விளக்கைப் பார்த்துச் சட்டென்று கிளட்ச் விடுபவருக்கும்தான் வெற்றி.

இதில் ஏமாற்ற ஒரு வழி உண்டு: வேண்டுமென்றே மெதுவான நேரத்தை எழுதிக்கொடுத்து, முன்னதாகப் புறப்பட்டு, வேகமாக ஓடுவது. அதைத் தடுப்பதே பிரேக்-அவுட் விதி. எழுதிக்கொடுத்த நேரத்தைவிட வேகமாக ஓடியவர் தோற்றவர். அந்த ஆர்எக்ஸ் 18.15-ல் ஓடியிருந்தால் முதலில் வந்தும் தோற்றிருக்கும். இருவருமே மீறியிருந்தால், குறைவாக மீறியவர் ஜெயிப்பார். ஒருவர் பச்சை விழும் முன்பே, அதாவது சிவப்பு விளக்கில் புறப்பட்டு, மற்றவர் நேரத்தை மீறியிருந்தால், சிவப்பில் போனவர்தான் தோற்றவர். இவற்றைத் தமிழில் அச்சடித்து, பதிவு செய்யும் மேசையிலேயே கொடுங்கள்.

மூன்றாம் படி: பிரிவுகளும் எடையும்

நேருக்கு நேர் நடத்துவதாக இருந்தால் இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வடசென்னையில் எடை பார்க்காமல் ஒரு குத்துச்சண்டை நடந்தால் ஊரே கேள்வி கேட்கும். ஆனால் வண்டிப் போட்டியில் 55 கிலோ பையனையும் 85 கிலோ ஆளையும் ஒரே ரக வண்டியில் ஏற்றிச் சமமான போட்டி என்கிறோம். ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள வண்டியில் அந்த 30 கிலோ, மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஓட்டுபவரையும் வண்டியையும் சேர்த்து எடைபோட்டு, குறைந்தபட்ச மொத்த எடை ஒன்றை நிர்ணயியுங்கள். குறைவாக உள்ளவர்கள் எடைத் தகடு கட்டிக்கொள்ளட்டும்.

அடுத்தது என்ஜின் கொள்ளளவு. ஆர்எக்ஸ் 100-ன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 50 மில்லிமீட்டர், கணக்கிட்டால் 98.2 சிசி. விதியில் 100 சிசி வரை என்று எழுதுகிறீர்கள். நியாயமாகத் தெரிகிறது. ஆனால் 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. தேய்ந்த சிலிண்டருக்கு ஒரு முறை 0.25 மில்லிமீட்டர் கூட்டிப் போர் போட்டால் (கடைந்து அகலப்படுத்தினால்) 99.2 சிசி, 0.50 கூட்டினால் 100.1. இரண்டாம் முறை போர் போட்டதுமே அந்த வண்டி பிரிவிலிருந்து வெளியே! ஒரு மில்லிமீட்டர் கூட்டியது 102.1. புதிய சிலிண்டர் தேடி வாங்கக் காசு உள்ளவர் உள்ளே இருப்பார், இருப்பதைக் கடைந்து ஓட்டும் ஏழைப் பையன் வெளியே போவான். எல்லையை 103 என்று வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒரே ஓர் எண்தான், ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்பதை அது முடிவு செய்துவிடுகிறது. எண்களை எழுதும் முன் இரண்டு பழைய மெக்கானிக்குகளைக் கேளுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கையும் ஃபோர் ஸ்ட்ரோக்கையும் ஒரே சிசி எல்லையில் சேர்க்காதீர்கள். முதல் மூன்று இடம் பெற்ற வண்டிகளின் என்ஜின் ஹெட்டைக் கழற்றிக் கொள்ளளவை அளப்போம் என்பதையும் விதியிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: தொடக்கம்

கையைத் தூக்கி இறக்கித் தொடங்குவது கேமராவில் அழகாக இருக்கும். நானும் பல முறை கைதட்டி ரசித்திருக்கிறேன். ஆனால் கை காட்டுபவரின் தோள் அசைவைப் படித்து முன்கூட்டியே புறப்படுபவர்கள் உண்டு. அவர் யார் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற சண்டையும் ஓயாது. விளக்குக் கம்பம் வையுங்கள். அமெரிக்கப் பந்தயங்களில் 1963 முதல் இதுதான் நடைமுறை.

சக்கரம் கோட்டை நெருங்கியதை ஓர் ஒளிக்கற்றையும், கோட்டில் நின்றதை இன்னோர் ஒளிக்கற்றையும் காட்டும். பிறகு மஞ்சள் விளக்குகள். ஒன்றன்பின் ஒன்றாக அரை நொடி இடைவெளியில் எரிந்து பச்சை விழுவது ஒரு வகை. மூன்று மஞ்சளும் சேர்ந்து எரிந்து 0.4 நொடியில் பச்சை விழுவது இன்னொரு வகை. புதியவர்களுக்கும் பிராக்கெட் முறைக்கும் முதல் வகையே சரி.

பார்வையாளர்களுக்குக் கட்டாயம் விளக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓட்ட நேரம் பச்சை விழுந்த கணத்திலிருந்து ஓடுவதில்லை. சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த கணத்திலிருந்து ஓடுகிறது. ஒருவர் 0.050-ல் புறப்பட்டு 14.30-ல் ஓடுகிறார், மொத்தம் 14.350. மற்றவர் 0.210-ல் புறப்பட்டு 14.18-ல் ஓடுகிறார், மொத்தம் 14.390. குறைந்த ஓட்ட நேரம் இரண்டாமவருக்கு, வெற்றி முதலாமவருக்கு. திரையில் ஓட்ட நேரத்தை மட்டும் காட்டினால் மோசடி நடந்ததாக வீட்டில் இருப்பவர் நினைப்பார். அதை நம்பித் தெருவில் சண்டையும் வரும். புறப்பட்ட நேரம், ஓட்ட நேரம், வெற்றி வித்தியாசம் மூன்றையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

பிராக்கெட்டில் மெதுவான வண்டி முதலில் புறப்படுவதால், அது சிவப்பில் போய்விட்டால் எதிராளிக்கு உடனே வெற்றி என்பது பழைய வழக்கம். இருவரும் சிவப்பில் போனால் அதிகம் முந்தியவரே தோற்றவர் என்று பார்ப்பது புதிய வழக்கம். எனக்குப் பிடித்தது பிந்தையது, ஏனென்றால் மெதுவான வண்டிக்காரர் முதலில் புறப்படும் ஒரே காரணத்துக்காகத் தண்டிக்கப்படக் கூடாது. எதை எடுத்துக்கொண்டாலும் முன்பே எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: தடமும் காற்றும்

இரண்டு தடங்கள் ஒருபோதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் மணல், மற்றொன்றில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரே ஓட்டம் என்றால் தகுதிச் சுற்றில் வேகமாக ஓடியவருக்குத் தடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. மூன்றில் இரண்டு என்றால் தடம் மாற்றி ஓட வேண்டும், மூன்றாவதற்கு நாணயம் சுண்டிப் பார்க்கலாம்.

நம் ஊரில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் அடங்கியிருக்கும் காற்று, கோடையில் நண்பகல் வாக்கில் கடலிலிருந்து வீசத் தொடங்குகிறது. காசிமேட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து என்ஜினின் திறனும் குறையும். ஆகவே காலை ஏழு மணிக்குத் தகுதி ஓட்டம் ஓடியவரையும் மதியம் ஒரு மணிக்கு ஓடியவரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது தவறு. ஒரு பிரிவு முழுவதையும் அடுத்தடுத்து ஓடவிட்டு முடியுங்கள். பிராக்கெட் முறையில் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் டயல்-இன்னை மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள்.

ஆறாம் படி: யார் திரையில் வருவது?

அறுபது பேர் பதிவு செய்கிறார்கள், நிகழ்ச்சியில் 16 பேருக்குத்தான் இடம். அமெரிக்காவில் ஸ்பீடு அலைவரிசையின் பிங்க்ஸ் ஆல் அவுட் நிகழ்ச்சி, நெருங்கிய நேரத்தில் ஓடும் 16 வண்டிகளைத் திரளிலிருந்து பொறுக்கியெடுத்து நேருக்கு நேர் மோதவிட்டது. யோசனை நல்லது, வேகமானவர்களுக்கு மட்டுமல்லாமல் நடுத்தர வண்டிக்காரர்களுக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் பொறுக்குவது மனிதர் என்றால், அவரை ஏன் எடுத்தீர்கள், என்னை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. முகம் நன்றாக இருக்கிறது, கதை சோகமாக இருக்கிறது என்று எடுப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பொறுக்குவதைக் கணக்கிடம் விடுங்கள். எல்லோருக்கும் இரண்டு தகுதி ஓட்டம், சிறந்ததை எடுங்கள். நேரங்களை வேகமானதிலிருந்து மெதுவானது வரை வரிசைப்படுத்திப் பலகையில் எழுதுங்கள். முதலாமவருக்கும் 16-ஆமவருக்கும் எத்தனை நொடி வித்தியாசம்? இரண்டாமவருக்கும் 17-ஆமவருக்கும்? இப்படியே 45-ஆமவரும் 60-ஆமவரும் வரை பாருங்கள். எங்கே வித்தியாசம் மிகக் குறைவோ அந்த 16 பேர்தான் தேர்வு. எந்த நேரத்தில் ஓடினால் உள்ளே வரலாம் என்று யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. தகுதி ஓட்டத்தில் வேகத்தை ஒளித்துவைத்து இறுதியில் காட்டுபவர்களைத் தடுக்க, தகுதி நேரத்தைவிட 0.30 நொடிக்கு மேல் வேகமாக ஓடினால் வெளியே என்று ஒரு வரம்பு வையுங்கள்.

இணை சேர்ப்பதற்கு இரண்டு வழி. தகுதி நேர வரிசைப்படி 1-க்கு 16, 2-க்கு 15 என்று போடலாம். அல்லது எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கலாம். 13 பேர்தான் மிஞ்சினார்கள் என்றால் முதல் மூவருக்குத் தனி ஓட்டம் கொடுங்கள். இரண்டு நட்சத்திரங்கள் இறுதியில் மோதினால் நன்றாக இருக்கும் என்று இணையை மாற்றச் சொல்லி யாராவது கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: கேமராவுக்கான விதிகள்

தயாரிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: காட்சி கிடைக்கவில்லை என்பதற்காக எந்த ஓட்டமும் மறுபடி நடத்தப்படாது. மறு ஓட்டம் என்பது நேரக் கருவி பழுதானாலோ, தடத்தில் நாயோ ஆளோ குறுக்கிட்டாலோ மட்டும், தலைமை நடுவரின் எழுத்துப்பூர்வ முடிவின் பேரில். அழகுக்காகக் காட்சி வேண்டுமென்றால் பரிசளித்த பிறகு தனியாக எடுக்கட்டும். ஒளிபரப்பில் அது மீண்டும் எடுத்த காட்சி என்று திரையில் எழுதட்டும்.

இரண்டாவது, இடைவெளி. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே எல்லோருக்கும் குறைந்தபட்சம் இத்தனை நிமிடம் என்று குறித்து, கடிகாரத்தைப் பொதுவில் வையுங்கள். காற்றால் குளிரும் பழைய என்ஜின்கள் ஆற நேரம் வேண்டும். நேர்காணலுக்கு ஒருவரை இழுத்துப்போய்விட்டு, திரும்பி வந்ததும் ஓடு என்று சொல்லக் கூடாது.

மூன்றாவது, ஒளிப்பதிவு சாட்சியாகாது. நொடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 40 மில்லி நொடி. மணிக்கு 120 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த இடைவெளியில் 1.33 மீட்டர் ஓடிவிடும். 42 சென்டிமீட்டரில் முடிந்த போட்டியை அந்தப் படங்களை வைத்துத் தீர்க்கவே முடியாது. கேமரா கோட்டுக்குச் சரியாக நேரே இல்லாவிட்டால் சமமாக வந்த வண்டிகளில் ஒன்று முந்தியதுபோலத் தெரியும். முடிவைச் சொல்லும் உரிமை ஒளிக்கற்றைக்கு மட்டுமே.

தோற்றவரின் வண்டியைப் பரிசாக வைக்காதீர்கள். 2005-ல் தொடங்கிய பிங்க்ஸ் நிகழ்ச்சியின் கவர்ச்சியே அதுவாகத்தான் இருந்தது. நம் பகுதியில் பையன் சனிக்கிழமை ஓட்டும் வண்டிதான் திங்கட்கிழமை சாப்பாடு டெலிவரிக்கும் போகிறது. அதைப் பறிப்பதைக் காட்சியாக்கக் கூடாது. பந்தயம் கட்டுபவர்களையும் தளத்துக்குள் விடாதீர்கள்.

எட்டாம் படி: ஆட்சேபமும் சீட்டும்

ஓட்டம் முடிந்து 30 நிமிடத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். சிறு கட்டணம், ஆட்சேபம் நியாயம் என்றால் திருப்பித் தரப்படும். விசாரிக்கும் இருவரில் ஒருவராவது போட்டியாளர்களின் பட்டறைகளோடு தொடர்பில்லாத வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். எங்கள் பகுதியில் எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு தடங்களின் விவரமும் ஒரே சீட்டில் அச்சாகி, இருவர் கைக்கும் போக வேண்டும்: புறப்பட்ட நேரம், முதல் 60 அடிக்கான நேரம், மொத்த ஓட்ட நேரம், முடிவு வேகம், டயல்-இன். 60 அடி நேரம் மோசமாக இருந்தால் கிளட்ச் விட்டதில் பிழை. அது நன்றாக இருந்து முடிவு வேகம் குறைந்தால் என்ஜினிலோ கியர் மாற்றியதிலோ பிழை. பட்டறைக்குத் திரும்பி அடுத்த மாதம் எதைத் திருத்துவது என்று அந்தத் துண்டுக் காகிதம் சொல்லிவிடும்.

இந்தச் சீட்டுகளை அச்சிடும் கருவிகளில் பல, பஸ் டிக்கெட் கருவிபோலச் சூட்டில் எழுத்து விழும் காகிதத்தைப் பயன்படுத்துபவை. வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் அந்த எழுத்து வெளுத்துப்போகும். ஆகவே மேசையில் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு சீட்டின் எண்களையும் நோட்டில் பேனாவால் எழுதி, இரு போட்டியாளர்களிடமும் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.